டாலாவில் எல்லோரும் முழுமையாக ஒத்துக்கொண்ட நாள்

ஐரோப்பாவுக்கு நான் போனதில்லை. போக வேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இருந்ததில்லை; குளிர் எனக்கு ஆகாது. ஆனால் அங்கே உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, இங்கே யாங்கூனில், கியாக்டடாவில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் பதில் எழுதியிருக்கிறேன். என் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "ஏன், அவங்களுக்கு அங்கே ஆள் கிடைக்கலையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் தொழிலைப் பற்றியோ வணிகத்தைப் பற்றியோ ஒரு புது விதி கொண்டு வருவதற்கு முன்னால், வரைவை வெளியிட்டு, கூடவே ஒரு கேள்வித்தாளையும் இணையத்தில் போடுவார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று பெயர். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். அவர்கள் ஊரில் விற்கிற சட்டையை நம் ஊரில் தைக்கிறார்கள் அல்லவா, அதனால் தைக்கிறவர்களும் சொல்லலாம். ஆனால் தைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வித்தாளின் மொழியும் தெரியாது, அப்படி ஒன்று இருப்பதும் தெரியாது. எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை, கேள்விகளைப் பர்மிய மொழியில் கொண்டுபோய்க் கேட்டு, பதில்களை ஆங்கிலத்தில் திருப்பி அனுப்புவது.

போன மாதம், எங்கள் அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள். கேள்விகளை இப்போதெல்லாம் தொழிலாளர்களின் போனுக்கே அனுப்பிவிடுகிறார்களாம். பதில்களைக் கம்ப்யூட்டரே பிரித்து அடுக்கிக் கொடுத்துவிடுகிறதாம். "ஆன்ட்டி, தன்லியின் பாக்டரிங்கள்லேர்ந்து வந்த பதில் எல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. சுத்தமா வந்திருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்படறாங்க. எனக்கு என்னவோ உறுத்துது" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, கரண்ட் போய் லைனும் போய்விட்டது. முழுக்கதையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. மிஷன் பள்ளிக் கன்னியர்களிடம் அம்மா ஆங்கிலம் கற்றாள், அம்மாவிடம் நான் கற்றேன். தட்டச்சு, ஒரு கப்பல் கம்பெனியில் கொஞ்ச காலம், கல்யாணம், பிள்ளைகள், பிறகு இந்த வேலை. வீட்டில் தமிழ், தெருவில் பர்மிய மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம். மூன்றிலும் எனக்கு வாய் அதிகம் என்று என் கணவர் சொல்வார்.

அலுவலகத்தில் எங்களுக்கெல்லாம் மேலே டோ தின் தின் இருந்தார். முன்பு ஆசிரியை. கன்னத்தில் தனாக்கா என்கிற மரப்பட்டைச் சந்தனம் பூசி, கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். அந்தப் பென்சில் வெளியே வந்தால் யாருடைய வாக்கியமோ ஒன்று ஒழிந்தது என்று அர்த்தம். அவர் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை. கோபம் வந்தால் எதிரே உட்கார வைத்து, தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுப்பார். ஊற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அவர் பிளாஸ்கைத் திறக்கும் சத்தம் கேட்டாலே, எதில் தப்பு செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

அவரிடம் கற்ற வேலைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வித்தாள் வந்ததும் முதலில் நான் பர்மிய மொழியில் எழுதுவேன். ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு என்னுடையது. அநேகமாக எல்லாக் கேள்விக்கும் ஐந்து விடைகள் இருக்கும்: முழுமையாக ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், இரண்டுமில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன். கடைசியில் ஒரு பெட்டி, சொந்தமாக எழுத. அதில் இத்தனை எழுத்துக்கு மேல் போனால் கதவைச் சாத்திவிடும். ஒரு மனுஷியின் வாழ்க்கையை அந்தப் பெட்டிக்குள் மடித்து வைக்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. கடைசி நேரம் என்று அவர்கள் குறிப்பிடுவது அந்த ஊர் நேரம். டோ தின் தின் அதை ஏற்க மாட்டார். அவருடைய கடைசி நேரம் எப்போதும் கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்.

எல்லாவற்றிலும் முக்கியம், திரும்ப வாசித்துக் காட்டுவது. பதில்களை எழுதி முடித்ததும் அதே ஆட்களிடம் போய், "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அனுப்பலாம்.

அந்த வருடம் வந்த கேள்வித்தாள், வெளிநாட்டில் சரக்கு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் அங்குள்ள தொழிலாளர்களுக்கு எந்த அளவு பொறுப்பு என்பது பற்றியது. நல்ல நோக்கம்தான். அதில் பதினான்காவது கேள்வி: தொழிற்சாலைக்கு வெளியே, வீடுகளில் வைத்துச் செய்யப்படும் வேலையை முற்றிலும் தடை செய்ய வேண்டுமா? வீட்டில் வேலை என்றால் குழந்தைகளையும் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவர்களுக்கு ஒரு பயம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவில், நிறையப் பெண்கள் வீட்டிலேயே சட்டைகளுக்குப் பட்டன் தைத்து, பாசி கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துணி மூட்டை மூட்டையாக மோட்டார் சைக்கிளில் வரும், வேலை முடிந்து திரும்பப் போகும். அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவானது. டோ தின் தின், உறவுக்காரப் பையன் ஒருவனைப் புத்த மடத்தில் துறவியாகச் சேர்க்கும் சடங்குக்காக மாண்டலே போக வேண்டியிருந்தது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு ஒரே பெருமை.

பெருமையில் ஒரு காரியம் செய்தேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? கியாக்டடாவில் நல்ல கடையாகப் பார்த்து டான்பவுக் பொட்டலம் வாங்கினேன். டான்பவுக் என்பது எங்கள் ஊர்ப் பிரியாணி. கல்யாணம் கருமாதி எதுவும் அது இல்லாமல் நடக்காது. இரண்டு பெரிய கூடைகளில் அதை ஒரு கூலியாளைச் சுமக்க வைத்துக்கொண்டு, மழையில் படகேறி, டாலா துறையில் இறங்கி, முத்துவின் சைக்காவில் ஏறினேன். சைக்கா என்றால் பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா. முத்து நம் ஆள். டாலாவிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் எப்போது போனாலும் அவர் வண்டிதான்.

தர்மசாலையில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எல்லோருக்கும் டான்பவுக் கொடுத்தேன். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, இன்னும் இருக்கு" என்று பரிமாறினேன். அதன் பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு தலையாட்டினார்கள். முழுமையாக ஒத்துக்கொள்கிறோம். அடுத்த கேள்வி? அதையும் முழுமையாக ஒத்துக்கொள்கிறோம். இவ்வளவு சுலபமாக ஒரு கூட்டம் எனக்கு அமைந்ததே இல்லை. போகும்போது என் புடவையில் சேறு படக் கூடாது என்று இரண்டு பேர் பலகை போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. படகு விடுவார்களோ மாட்டார்களோ. எல்லாப் பதிலும் ஒன்றாக இருக்கும்போது திரும்ப வாசித்துக் காட்ட என்ன இருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, பட்டனை அழுத்தி அனுப்பிவிட்டேன்.

டோ தின் தின் செவ்வாய்க்கிழமை வந்தார். வியாழக்கிழமை கடைசி நாள். நான் அச்செடுத்து வைத்திருந்த பதில்களைப் புரட்டினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பிறகு பிளாஸ்கைத் திறந்தார்.

தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "ஸ்டெல்லா, பதினாலாவது கேள்வியில வீட்டு வேலையை ஒழிக்கணும்னு சொல்லியிருக்காங்க. பத்தொன்பதாவதுல வீட்டு வேலைக்குக் கூலியை உயர்த்தணும்னு சொல்லியிருக்காங்க. ஒழிச்ச வேலைக்கு யாரு கூலி கொடுப்பா?"

இரண்டையும் நானேதான் தட்டச்சு செய்தேன். கை செய்தது, மண்டையில் உறைக்கவில்லை.

"எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருந்தா யாருமே பதில் சொல்லலைன்னு அர்த்தம்" என்றார். "திரும்ப வாசிச்சுக் காட்டினியா?"

நான் தேநீரைக் குடித்தேன். வேறு என்ன செய்வது?

அன்று மதியமே படகேறினேன். துறையில் முத்து மழைக்கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஏறி, கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டேன்.

"முத்தண்ணே, அன்னிக்குக் கூட்டத்துக்கு வந்த பொம்பளைங்கள்லே உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா?"

"என் சம்சாரமே இருந்தாளே அக்கா. மா சேன். மூணாவது வரிசையிலே. காலைக் கொஞ்சம் நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பா, பார்த்திருப்பீங்க. அவளுக்குச் சின்ன வயசிலேயே இடது காலு வெளங்காமப் போச்சு. பாக்டரியிலே நின்னு வேலை பார்க்கணும்கிறான், கேட்டோட திருப்பி அனுப்பிட்டான். பட்டன் தைக்கிற வேலைதான் அவளுக்கு எல்லாம்."

"வீட்டுல வேலை கொடுக்கறதைத் தடுக்கணும்னு கேட்டேனே, ஒத்துக்கறேன்னாளே!"

முத்து மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அன்னிலேர்ந்து அவளுக்குத் தூக்கமே இல்லே அக்கா. அப்ப ஏன்டி ஒத்துக்கிட்டேன்னு கேட்டேன். அந்தச் சயாமா மழையிலே நனைஞ்சு ஆத்தைத் தாண்டி வந்து டான்பவுக் போட்டாங்க, அதைத் தின்னுட்டு அவங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றதுங்கறா. ஆனாடே ஆயிருச்சாம்."

படித்த பெண்களை இங்கே சயாமா என்றுதான் அழைப்பார்கள். ஆனாடே என்ற சொல்லுக்கு மட்டும் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் சரியான விளக்கம் கொடுக்க வராது. எதிரே இருப்பவர் மனம் நோகுமே, அவருக்குச் சிரமமாகுமே என்று நம் காரியத்தை நாமே விழுங்கிக்கொள்வது. இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் அது தாய்ப்பாலோடு வரும். எனக்கும் உண்டு. அறுசுவை விருந்து போட்டு, வேண்டாம் என்ற வார்த்தையே வராதபடி வாயை அடைத்துவிட்டு, கருத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் தன் சோற்றில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்ள, நான் பரிமாறியிருக்கிறேன். வண்டியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். முத்து பயந்துபோய், "ஐயோ, நான் சொன்னது தப்பா அக்கா?" என்றார். அவருக்கும் ஆனாடே.

அலுவலகத்துக்குத் திரும்பி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டோ தின் தின் அன்று இரண்டாவது முறை தேநீர் ஊற்றவில்லை. அனுப்பியதற்கு வந்த ரசீதைக் கேட்டார். கடைசி நாள் வரை பதிலைத் திருத்தலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அவர் அதைப் பென்சிலால் கோடிட்டார். "நாளைக்குக் காலையில முதல் படகு. கையில ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது" என்றார்.

புதன்கிழமை காலை தர்மசாலையில் அதே பெண்கள் கூடினார்கள். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. டோ தின் தின் அவர்கள் நடுவே பாயில் உட்கார்ந்தார், காகிதம் எதையும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ வெளியே போ" என்றார்.

"நானா?"

"நீதான். உன்னைப் பார்த்தா அவங்களுக்கு டான்பவுக் ஞாபகம் வரும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் அசடு வழிய எழுந்து போய், வெளியே நின்ற முத்துவின் சைக்காவில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்திலிருந்து என்னை வெளியேற்றியது அதுதான் முதல் தடவை.

உள்ளே டோ தின் தின் பேசுவது தூறலுக்கு நடுவே கேட்டது. "இந்தக் கேள்வியை எழுதினவர் ரொம்ப தூரத்துல இருக்கார். நல்லவர்தான், ஆனா இந்தப் பக்கம் வந்தது இல்லே. பட்டன் எப்படித் தைக்கிறாங்கன்னு அவருக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில மூட்டை வரலைன்னா உங்க வீட்டுல என்ன ஆகும்னு அவருக்கு யாராவது சொல்லணும். எனக்கும் தெரியாது. சொல்லுங்க."

பிறகு ஒரு குரல். அதன்மேல் இன்னொரு குரல். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில். இல்லாத ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவதற்கு ஆனாடே கிடையாது அல்லவா? கேள்வி எழுதிய அந்த மனிதருக்கு அன்று எத்தனை முறை விக்கல் எடுத்ததோ! முத்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "அக்கா, அந்தக் கணீர்க் குரல் நம்ம வீட்டு ஆளு!" என்றார். முகமெல்லாம் பல்.

மத்தியானம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பதினான்காவது கேள்விக்கு எல்லோரும் முழுமையாக மறுத்திருந்தார்கள். மற்ற கேள்விகளில் ஆளுக்கொரு பதில். இரண்டு பேர் சண்டையே போட்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியில் எழுத வேண்டியதை டோ தின் தின் அங்கேயே எழுதினார். எங்கள் பெயரைத் தொழிற்சாலை ஒரு பட்டியலில் வைக்கட்டும், மூட்டை தரும்போதே கூலி என்னவென்று சொல்லட்டும், பிள்ளைகள் கையில் ஊசி இல்லை என்பதை யாரும் வந்து பார்க்கலாம், ஆனால் வேலையை நிறுத்த வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு முன்னுரையும் சேர்த்திருந்தார். முன்னுரை எழுதுவதில் அவருக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. அதைத் திரும்ப வாசித்துக் காட்டினார்.

"டாலாவின் வேறு வழியற்ற ஏழைப் பெண்களாகிய நாங்கள்..."

"சயாமா" என்று ஒரு குரல். மா சேன். எழுந்திருக்க அவளுக்குச் சிரமம். பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "அது வேணாம்."

"எது?"

"வழியத்தவங்கன்னு எழுத வேணாம். நான் தைச்ச பட்டன் சட்டை கிழிஞ்சாலும் பிய்யாது. இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க." மூச்சு வாங்கியது. "பட்டன் தைக்கிறவங்கன்னு எழுதுங்க. நாங்க அதுதான்."

டோ தின் தின்னின் வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொன்னவர்கள் எங்கள் அலுவலகத்தில்கூடக் கிடையாது. அவர் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, தான் எழுதியதைத் தானே ஒரே கோடாக அடித்தார். மேலே எழுதினார். "பட்டன் தைக்கிறவர்களாகிய நாங்கள்" என்று உரக்க வாசித்தார். "சரியா?"

"ஹொக்கே" என்றாள் மா சேன். ஆமாம் என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது நிஜமாகவே ஆமாம் என்று எனக்குக் கேட்டது.

திரும்பும் படகில் டோ தின் தின் ரொம்ப உற்சாகமாக இருந்தார். "அந்தப் பொண்ணு சொன்னது என்னோடதைவிட எழுத்துக் கணக்குலேயும் சின்னது" என்று இரண்டு முறை சொன்னார். வியாழக்கிழமை காலை கரண்ட் இல்லை. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரின் ஜெனரேட்டரில் ஒயர் இழுத்து, யாருக்கோ பல் பிடுங்கும் சத்தத்துக்கு நடுவே, மதியச் சாப்பாட்டுக்கு முன் திருத்திய பதில்களை அனுப்பினேன்.

இப்படி அனுப்பும் பதில்கள் எங்கே போய் விழுகின்றன என்று தெரிய மாதக்கணக்காகும். பல சமயம் தெரியவே தெரியாது. அந்தத் தடவை, மழை ஓய்ந்து குளிர்காலமும் முடியப்போகிற சமயத்தில், திருத்திய வரைவு வெளியானது. நான் நின்றுகொண்டே பக்கங்களைத் தள்ளினேன். வீட்டு வேலையைத் தடை செய்யும் வரி அதில் இல்லை. அந்த இடத்தில், வீட்டில் வேலை செய்கிறவர்களின் பெயர்கள் பட்டியலில் இருக்க வேண்டும் என்று இருந்தது. எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ நாட்டிலிருந்து எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். ஆனாலும் நான் மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

மா சேன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீலச் சட்டைகள் குவிந்து கிடந்தன. பர்மிய மொழியில் எழுதி எடுத்துப்போனதை வாசித்துக் காட்டினேன். அவள் கை நிற்கவில்லை. ஊசி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"அப்போ நாளைக்கும் மூட்டை வரும்" என்றாள்.

"வரும்."

இன்னொரு பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "சயாமா, நான் வேணாம்னு சொன்னதுக்கு யாரும் கோவிச்சுக்கலையே? அங்கே, இங்கே, யாரும்?"

"யாரும் இல்லை மா சேன். ஒருத்தர்கூட இல்லை."

ஊசி நின்றது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"இத்தனை வருஷமா" என்றாள், "இது எனக்குத் தெரியாமப் போச்சே!"